புகார் வராத தெருக்களைக் கண்டறிவது எப்படி

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளப்படவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, மரம் சாய்ந்து கிடக்கிறது என்று செயலியிலும் இணையதளத்திலும் குவியும் புகார்களைப் பல நகர நிர்வாகங்கள் இன்று வெறும் புகார்களாக மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை பணியாளர்கள், எந்தச் சாலைக்கு முதலில் செப்பனிடும் பணி, எந்த அதிகாரியின் வேலை நன்று என்பன போன்ற முடிவுகளும் அந்த எண்ணிக்கையை வைத்தே எடுக்கப்படுகின்றன. புகார் செய்யும் வசதியும் பழக்கமும் நம்பிக்கையும் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் இருந்தால் இதில் தவறில்லை. ஆனால் அவை அப்படி இருப்பதில்லை. கைபேசியைத் திறந்து உடனே புகார் பதிந்துவிடும் பகுதியும், அதே குறையை மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டு நடந்து பழகிவிட்ட பகுதியும் புகார் எண்ணிக்கையால் நிறம் தீட்டிய ஒரே வரைபடத்தில் இடம்பெறும்போது, முன்னது சிவப்பாகவும் பின்னது வெள்ளையாகவும் தெரிகிறது. நிர்வாகம் சிவப்பை நோக்கி ஓடுகிறது.

இந்த வழிகாட்டி அந்த வெள்ளைப் பகுதிகளைப் பற்றியது. நகர நிர்வாகத்தில் புகார்த் தரவைக் கையாள்பவர்கள், குடியிருப்போர் சங்கங்கள், ஆய்வு மாணவர்கள், உள்ளூர்ச் செய்தியாளர்கள் ஆகியோர், கிடைக்கும் தரவையும் சில நாள் கள உழைப்பையும் கொண்டு, எந்தப் பகுதி உண்மையிலேயே குறையற்றது, எந்தப் பகுதி குறைகளோடு மௌனமாக இருக்கிறது என்று பிரித்தறிவதற்கான முறைகளை இங்கே சொல்கிறேன். கண்டறிந்த பிறகு செய்ய வேண்டியவற்றையும் சொல்கிறேன், ஏனெனில் அளந்து முடித்து அறிக்கையை அலமாரியில் வைப்பதால் எந்தத் தெருவிலும் விளக்கு எரியப் போவதில்லை.

மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்

இத்துறையில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை மூன்று வெவ்வேறு செய்திகளை ஒன்றாகக் கருதுவதால் வருகின்றன. ஒரு பகுதியில் உண்மையில் எத்தனை குறைகள் ஏற்படுகின்றன என்பது ஒன்று. அவற்றில் எத்தனை புகாராகப் பதிவாகின்றன, எவ்வளவு தாமதமாகப் பதிவாகின்றன என்பது இரண்டாவது. பதிவான புகார் எவ்வளவு விரைவாக, எவ்வளவு முறையாகத் தீர்க்கப்படுகிறது என்பது மூன்றாவது. புகார்த் தரவு இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டுமே நேரடியாகக் காட்டும். முதலாவது அதில் இல்லை. வேறு வழியில் தேடிப் பெற வேண்டும்.

நிர்வாகங்கள் சமத்துவத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் எடுத்துக்காட்டுகின்றன. ஏழைப் பகுதியில் வந்த புகாரும் வசதியான பகுதியில் வந்த புகாரும் ஒரே சராசரி நாட்களில் தீர்க்கப்பட்டன என்று ஓர் அட்டவணை சொன்னால் பாரபட்சம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பகுதியில் குறை ஏற்பட்டு நான்காம் நாளே புகார் வருகிறது, இன்னொரு பகுதியில் இருபதாம் நாள் வருகிறது என்றால், புகாருக்குப் பிந்திய நாட்களை மட்டும் எண்ணும் அட்டவணை அந்தப் பதினாறு நாள் இருட்டைக் காணவே காணாது.

இதைச் செயலிகள் தோன்றிய பிறகு வந்த சிக்கல் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996-இல் அவசரமல்லாத புகார்களுக்கென 311 என்ற தொலைபேசி எண்ணைத் தொடங்கியது; நியூயார்க் 2003-இல் தொடங்கியது; பிரிட்டனில் 2007-இல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற இணையதளம் வந்தது. தொலைபேசிக் காலத்திலும் யார் அழைப்பார்கள், யார் அழைக்க மாட்டார்கள் என்ற வேறுபாடு இருந்தது. இணையமும் ஸ்மார்ட்போனும் அதோடு வேறு சில தடைகளையும் சேர்த்தன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் அப்போது சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். இணையத்துக்குள் இருப்பவர்களிலும் பகிர்ந்துகொள்ளும் கைபேசியையும் அவ்வப்போது போடும் டேட்டாவையும் நம்பி இருப்பவர்கள் கணிசமாக உள்ளனர்.

தரவைக் கேட்கும்போது கவனிக்க வேண்டியவை

புகார் எண், பதிவான நாளும் நேரமும், வகை, இடம், எந்த வழியில் வந்தது, முடிக்கப்பட்ட நாள், முடித்ததற்கான காரணக் குறிப்பு ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம். இவற்றில் எந்த வழியில் வந்தது என்பதும் முடித்ததற்கான காரணமும் பொதுவில் வெளியிடப்படும் தரவில் அடிக்கடி விடுபட்டுப் போகின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். செயலி, இணையதளம், தொலைபேசி, நேரில், பணியாளர் பதிந்தது எனப் பிரித்துப் பார்க்காமல் எண்ணிம (டிஜிட்டல்) சேவையின் ஏற்றத்தாழ்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் தவறாமல் கேட்க வேண்டும். ஒரே குறைக்கு வந்த இரண்டாவது, மூன்றாவது புகார்களை நீக்கிவிட்டுத்தான் பல துறைகள் தரவைத் தருகின்றன. அவை பயனற்ற மிகுதி என்று அவர்கள் கருதுகிறார்கள். நமக்கோ அவைதான் பொன். நீக்குவதற்கு முந்திய மூலத் தரவைக் கேளுங்கள். அதற்கான காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

எண்ணிக்கையை எதனால் வகுப்பது என்பதில் அவசரப்படக் கூடாது. ஆயிரம் பேருக்கு இத்தனை புகார் என்று கணக்கிடுவது எளிது, ஆனால் பேருந்து நிலையமும் சந்தையும் அலுவலகங்களும் நிறைந்த பகுதியில் குடியிருப்போர் குறைவாகவும் நடமாடுவோர் மிகுதியாகவும் இருப்பதால் அந்த விகிதம் ஏமாற்றும். தெருவிளக்குப் புகாரை விளக்குக் கம்பங்களின் எண்ணிக்கையாலும், சாலைப் பள்ளத்தைச் சாலை நீளத்தாலும், குப்பையை வீடுகளின் எண்ணிக்கையாலும் வகுப்பதே பொருத்தம். பகுதியின் அளவும் முக்கியம். பெரிய நிர்வாகப் பிரிவுகளாக எடுத்தால் அடுக்குமாடிக் குடியிருப்பும் அதன் பின்புறத்துக் குடிசைகளும் ஒரே சராசரிக்குள் கலந்துவிடும். மிகச் சிறியதாக எடுத்தால் ஆண்டுக்கு இரண்டு மூன்று புகார்களே இருக்கும், அவற்றை வைத்து எதுவும் பேச முடியாது. இரண்டு அளவுகளிலும் கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பொருள்களைப் பற்றிய புகாரையும் மனிதர்களைப் பற்றிய புகாரையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். விளக்கு எரியவில்லை என்பது பொதுத் தேவை. பக்கத்து வீட்டில் சத்தம், தெருவோரத்தில் கடை போட்டிருக்கிறார்கள், யாரோ கூடி நிற்கிறார்கள் என்பவை சமூக உரசல்கள். நியூயார்க்கின் 311 தரவை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் ஜோஷா லெகெவியும் மெர்லின் ஷேஃபரும், வெவ்வேறு இனக் குழுக்கள் வாழும் பகுதிகளின் தெளிவற்ற எல்லைகளில் அண்டை வீட்டாரைப் பற்றிய புகார்கள் கூடுவதை 2016-இல் காட்டினர். இத்தகைய புகார்கள் மிகுந்த பகுதிக்குச் சேவை மிகுதியாகத் தேவை என்று கொண்டால், ஒருவர் மீது இன்னொருவருக்கு உள்ள எரிச்சல் நகரின் செலவுத் திட்டமாகிவிடும்.

இரண்டாவது புகாரிலிருந்து மௌனத்தை அளப்பது

ஒரு குறை எப்போது ஏற்பட்டது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. முதல் புகார் வந்த நாள்தான் தெரியும். அப்படியிருக்க, புகார் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை எப்படி அறிவது? ஆய்வாளர்கள் ஜி லியு, நிகில் கார்க் ஆகியோர் நியூயார்க்கின் பூங்காத் துறைக்கு வந்த மரம் தொடர்பான புகார்களைக் கொண்டு இதற்கு ஓர் அழகான வழியைக் காட்டியுள்ளனர். முதல் புகார் வந்த நாள் முதல் பணியாளர் நேரில் வந்து பார்க்கும் நாள் வரை அந்தக் குறை அங்கே இருந்தது என்பது உறுதி. அந்த இடைவெளியில் அதே குறையைப் பற்றி வேறு ஆட்களிடமிருந்து எத்தனை புகார்கள் வருகின்றன என்று எண்ணினால், அப்பகுதி மக்கள் இத்தகைய குறையை எந்த வேகத்தில் புகாராக்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த வேகத்தைத் தலைகீழாக்கினால், அதாவது ஒன்றை அதனால் வகுத்தால், குறை ஏற்பட்டதிலிருந்து முதல் புகார் வரையிலான சராசரித் தாமதம் கிடைக்கும்.

கற்பனை எண்களை வைத்துச் செய்து பார்க்கலாம். முதல் பகுதியில் 100 மரக் குறைகள். ஒவ்வொன்றும் முதல் புகாருக்கும் பணியாளர் வருகைக்கும் இடையே சராசரியாக 10 நாள் கிடக்கிறது. ஆக மொத்தம் 1,000 குறை நாட்கள். அந்த நாட்களில் கூடுதலாக வந்த புகார்கள் 250 என்றால், நாளொன்றுக்கு 0.25, அதாவது ஒரு குறைக்குச் சராசரியாக 4 நாளில் ஒரு புகார். இரண்டாம் பகுதியிலும் அதே 100 குறைகள், அதே 1,000 குறை நாட்கள், ஆனால் கூடுதல் புகார்கள் 50 மட்டுமே என்றால், நாளொன்றுக்கு 0.05, அதாவது 20 நாளில் ஒரு புகார். இரு பகுதிகளிலும் புகாருக்குப் பின் ஆன நாட்கள் ஒன்றே. குறை ஏற்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், ஒரு பகுதி 14 நாள் காத்திருக்கிறது, மற்றது 30 நாள். எக்செல் தெரிந்த எவரும் இதை ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. ஒரே ஆள் மூன்று முறை பதிந்திருந்தால் அது ஒரு புகார்தான். ஆட்களைப் பெயரின்றி வேறுபடுத்தும் ஒரு குறியெண்ணைத் துறையிடம் கேட்டுப் பெற வேண்டும். சில செயலிகள் ஏற்கெனவே பதிவான குறையை வரைபடத்தில் காட்டிவிடுவதால், இரண்டாவதாகப் பார்ப்பவர் பதியாமல் விட்டுவிடுவார். அங்கே எனக்கும் இதே குறை என்று அழுத்தும் பொத்தான் இருந்தால் அந்த அழுத்தல்களையும் சேர்த்து எண்ணுங்கள், அதுவும் இல்லையென்றால் இந்த முறையை அந்தச் செயலிக்குப் பயன்படுத்தாதீர்கள். சாலையை மறித்து விழுந்த மரத்தையும் உலர்ந்த ஒரு கிளையையும் ஒரே வேகத்தில் யாரும் புகாராக்குவதில்லை. ஆகவே வகையையும் தீவிரத்தையும் பிரித்துவிட்டே பகுதிகளை ஒப்பிட வேண்டும். நியூயார்க் ஆய்வில் இவ்வாறு பிரித்த பிறகும் பகுதிகளுக்கிடையே கணிசமான வேறுபாடு எஞ்சியது.

நடந்து பார்த்து எண்ணுவது

கணக்கு எவ்வளவு நயமாக இருந்தாலும் அதைத் தெருவில் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. பாஸ்டன் நகரில் டேனியல் ஓப்ரையனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைத்தான் செய்தார்கள்: தெருக்களில் நடந்து எரியாத விளக்குகளையும் பழுதடைந்த நடைபாதைகளையும் பதிந்துகொண்டு, அவற்றைப் புகார்த் தரவோடு ஒப்பிட்டு, எந்தப் பகுதி தன் குறைகளைச் சொல்கிறது, எது சொல்வதில்லை என்று அளந்தார்கள். மக்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களைப் பற்றி மட்டுமே புகார் செய்கிறார்கள் என்பதும் அவர்கள் ஆய்வில் தெளிவானது. ஆகவே ஒரு பகுதியில் புகார் செய்யும் ஆட்கள் இல்லையென்றால், பக்கத்துப் பகுதிக்காரர்கள் அந்த இடத்தை நிரப்புவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

தொடங்குவதற்குத் தெருவிளக்கே சிறந்தது. எரிகிறதா இல்லையா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. புகார் மிகுந்த சில பகுதிகளையும் புகார் குறைந்த சில பகுதிகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தெருக்களின் முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 40 தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். வசதிக்கேற்பத் தேர்ந்தெடுத்தால் பெரிய தெருக்களே வந்து விழும், சந்துகள் விடுபடும். பெயரில்லாத சந்துகள் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். வான்வழிப் படத்தைப் பார்த்து அவற்றையும் பட்டியலில் சேர்த்த பிறகே குலுக்குங்கள். இருட்டிய பின் இருவர் இருவராகச் சென்று, ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் கம்ப எண்ணையும் நிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். சில தெருக்களிலாவது இரு தாள்களையும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். எல்லாப் பகுதிகளையும் ஒரே இரு வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையேல் மழையும் மின்தடையும் ஒப்பீட்டைக் குலைத்துவிடும்.

பிறகு ஒவ்வொரு எரியாத கம்பத்துக்கும் அப்போது நிலுவையில் ஒரு புகார் இருந்ததா என்று தரவில் தேடுங்கள். ஒரு பகுதியில் எரியாத 60 விளக்குகளில் 33-க்குப் புகார் இருந்தால் சொல்லப்பட்ட பங்கு 55 சதவீதம். வேறொரு பகுதியில் 60-இல் 9-க்கு மட்டும் இருந்தால் 15 சதவீதம். இரண்டாவது பகுதியிலிருந்து வரும் ஒவ்வொரு புகாரின் பின்னும் சொல்லப்படாத ஐந்தாறு குறைகள் நிற்கின்றன என்று இதற்குப் பொருள். கணக்கெடுப்பு நடக்கும்போது குழுவினரே புகார் பதியத் தொடங்கினால் அளவீடு கெட்டுவிடும். ஆனால் அறுந்து தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழி போன்றவற்றை அந்த நிமிடமே தெரிவித்தாக வேண்டும். மற்றவற்றை ஒப்பீடு முடிந்த நாளிலேயே ஒட்டுமொத்தமாகப் பதிந்து கொடுங்கள். இருட்டில் இருப்பவர்களை எண்ணிவிட்டு அப்படியே விட்டுவருவது நியாயமன்று.

எல்லா வகைக் குறைகளிலும் மௌனம் ஒரே அளவில் இருக்காது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆய்வாளர்கள் கான்ஸ்டன்டைன் கொன்டொகோஸ்டாவும் போயோங் ஹாங்கும் சாலைகளின் அளந்தறிந்த நிலையைப் புகார்களோடு ஒப்பிட்டபோது, வருமானம் குறைந்த, சிறுபான்மையினர் மிகுந்த பகுதிகள் சாலைப் பழுது போன்றவற்றைக் குறைவாகவே புகாராக்கின என்றும், கடுமையான சிக்கல்களுக்கே அவை முன்னுரிமை தந்தன என்றும் கண்டனர். எல்லாமே பழுதாக இருக்கும் இடத்தில், எதைச் சொல்வது என்று மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அத்தகைய பகுதியிலிருந்து வரும் ஒரு புகாருக்குச் சராசரியைவிடக் கனம் கூடுதல் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு புகாரை அதன் முழு வழியிலும் பின்தொடருங்கள்

மௌனம் எங்கே என்று தெரிந்துவிட்டது. ஏன் என்பதை அறிய, அந்தப் பகுதியில் வசிக்கும் ஒருவரோடு உட்கார்ந்து, அவருடைய சொந்தக் கைபேசியில், அவர் வீட்டு வாசலில் எரியாத விளக்கைப் பற்றி ஒரு புகாரைப் பதியச் சொல்லி அமைதியாகப் பாருங்கள். உதவாதீர்கள், விளக்காதீர்கள். அலுவலகத்தில் புதிய கைபேசியில் சோதித்துப் பார்ப்பதில் கிடைக்காத எல்லாம் இங்கே கிடைக்கும்.

முதலில் செயலி இறங்காது, ஏனெனில் கைபேசியில் இடமில்லை. குடும்பப் படங்களை அழிக்கச் சொல்கிறது. இறங்கியதும் எண்ணைக் கேட்கிறது. ஓடிபி வருவதோ வேலைக்குச் சென்றுவிட்ட மகனின் எண்ணுக்கு. அதைத் தாண்டினால் வகைகளின் பட்டியல் துறைகளின் பெயர்களில் நிற்கிறது. விளக்கு என்பது மின்சாரத்திலா, பொறியியலிலா, சாலையிலா என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அடுத்து வரைபடம். சந்து அதில் இல்லை. இடத்தைக் குறிக்கும் ஊசியைச் சந்தில் வைத்தால் அது தானாக நகர்ந்து முதன்மைச் சாலையில் போய் உட்காருகிறது. கதவு எண் கட்டாயம் என்கிறது படிவம். அந்த வீட்டுக்குக் கதவு எண் தரப்படவே இல்லை. படம் கேட்கிறது, எரியாத விளக்கை இரவில் எடுத்த படம் வெறும் கறுப்பாக இருக்கிறது, அதுவும் பாதி ஏறி நின்றுவிடுகிறது.

இத்தனையையும் கடந்து புகார் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே கொள்வோம். பணியாளர் வரைபடத்தில் ஊசி நிற்கும் முதன்மைச் சாலைக்கு வருகிறார். அங்கே எல்லா விளக்குகளும் எரிகின்றன. நேரில் பார்த்ததில் குறை இல்லை என்று எழுதிப் புகாரை முடித்துவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. புகார் செய்தவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முடிவில் அந்தப் பகுதி தவறான புகார் மிகுந்த பகுதி என்று அட்டவணையில் ஏறுகிறது. புகார் செய்தவரோ, சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்து அண்டை வீட்டாரிடமும் அதையே சொல்கிறார். வரைபடத்தில் ஒரு சந்து இல்லாமல் போனது, அடுத்த ஆண்டின் மௌனமாக மாறிவிட்டது.

ஆகவே முடித்ததற்கான காரணக் குறிப்புகளைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். குறை இல்லை, முகவரி போதவில்லை, எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல என்ற மூன்று காரணங்களும் எந்தப் பகுதிகளில் குவிகின்றன என்பதே பெரும்பாலும் விடையைச் சொல்லிவிடும். செயலியை நடத்துபவர்களிடம் இன்னொரு கணக்கும் இருக்கும்: எத்தனை பேர் படிவத்தைத் திறந்தார்கள், எந்தப் படியில் விட்டுச் சென்றார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பது. அதையும் பகுதிவாரியாகக் கேளுங்கள். வரைபடப் படியில் ஆட்கள் விலகினால் அது ஒரு கோளாறு. ஓடிபி படியில் விலகினால் அது வேறு.

படிவத்தில் அடங்காத காரணங்களும் உண்டு. வாடகைக்கு இருப்பவர், புகார் செய்தால் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வாரோ என்று அஞ்சுகிறார். பட்டா இல்லாத இடத்தில் வசிப்பவர், அதிகாரிகளின் கண்ணில் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறார், அதற்கு அவரிடம் காரணமும் இருக்கிறது. பார்வையற்றவர், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வரைபடத்தில் வந்து ஊமையாகிவிடுவதால் அதற்கு மேல் நகர முடிவதில்லை. இவற்றையெல்லாம் விழிப்புணர்வு இல்லாமை என்ற ஒற்றைத் தலைப்பில் அடைத்துச் சுவரொட்டி ஒட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். மக்களுக்குச் செயலி இருப்பது தெரிந்திருக்கிறது. அது தங்களுக்கு வேலை செய்யாது என்பதும் தெரிந்திருக்கிறது.

சரி செய்யத் தொடங்கும்போது

முதல் வேலை பண ஒதுக்கீட்டையும் ஆள் ஒதுக்கீட்டையும் வெறும் புகார் எண்ணிக்கையிலிருந்து விடுவிப்பது. ஒரு பங்கைச் சுழற்சி முறைக் கள ஆய்வுக்கு என்று ஒதுக்கி, புகார் வந்தாலும் வராவிட்டாலும் எல்லாத் தெருக்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் பணியாளர்களே பார்த்துவர ஏற்பாடு செய்யுங்கள். மீதியைப் புகாரின் அடிப்படையில் பகிரும்போது, மேலே சொன்ன சொல்லப்பட்ட பங்கால் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள். பாஸ்டனில் கார் குலுங்குவதைக் கைபேசி உணர்ந்து சாலைப் பள்ளத்தைத் தானாகப் பதியும் ஸ்ட்ரீட் பம்ப் என்ற செயலி 2012-இல் வந்தபோது, காரும் ஸ்மார்ட்போனும் உள்ளவர்களின் சாலைகளே பதிவாகும் என்ற கவலை எழுந்தது. நகரம் அதை முதலில் எல்லாப் பகுதிகளுக்கும் சென்றுவரும் தன் சாலை ஆய்வாளர்களிடம் கொடுத்தது. தானியங்கிக் கருவிகளை வாங்கும் எவரும் பின்பற்றத்தக்க முன்மாதிரி அது.

அடுத்து, முகவரிச் சிக்கலைக் கடக்கும் எளிய வழி கம்ப எண். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் பெரிய எழுத்தில் ஓர் எண்ணை எழுதி, அதைக் குறுஞ்செய்தியிலோ தொலைபேசியிலோ சொன்னாலே புகார் பதிவாகும்படி செய்தால், வரைபடம், கதவு எண், படம், செயலி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் தேவையற்றுப் போகின்றன. குப்பைத் தொட்டிக்கும் பொதுக் குழாய்க்கும் இதையே செய்யலாம். தொலைபேசி எண்ணையும் நேரடி முகப்பையும் செலவு மிச்சம் என்று மூடிவிடாதீர்கள். அவற்றை மூடிய மறுநாள் மௌனமாவது எந்தப் பகுதி என்று உங்கள் தரவே முன்கூட்டிச் சொல்லும். நாள்தோறும் தெருவைப் பெருக்குபவர்கள் நகரில் யாரையும்விட மிகுதியாகப் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறையை முறையான புகாராக ஏற்று, அதைப் பதியும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். அவர்கள் சொன்னதற்காக மேற்பார்வையாளர் அவர்களைக் கடிந்துகொள்ளும் வழியையும் அடைத்துவிடுங்கள்.

பெயரும் எண்ணும் தராமல் புகார் செய்ய இடம் கொடுங்கள். முகவரி போதவில்லை என்று எந்தப் புகாரையும் ஓர் அழைப்பாவது செய்து கேட்காமல் முடிக்கக் கூடாது என்று விதி வையுங்கள். குறை இல்லை என்று முடித்தால், பணியாளர் நின்ற இடத்தின் படம் புகார்தாரருக்குப் போக வேண்டும். அது தன் சந்து அல்ல என்று அவர் ஒரே சொல்லில் மறுத்துப் புகாரை மீண்டும் திறக்க முடிய வேண்டும்.

இவற்றில் எதைச் செய்தாலும் மௌனமான பகுதிகளில் புகார்கள் முதலில் கூடும். அதுவே வெற்றியின் அடையாளம். ஆனால் புகார் குறைவாக உள்ள அதிகாரிக்குப் பாராட்டு, கூடுதலாக உள்ளவருக்கு விளக்கக் கடிதம் என்ற நடைமுறை இருக்கும்வரை, எந்த அதிகாரியும் தன் பகுதி மக்கள் பேசத் தொடங்குவதை விரும்ப மாட்டார். புகார் எண்ணிக்கையை அதிகாரியின் மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டு, கள ஆய்வில் தெரிந்த குறைகளில் எத்தனை தீர்ந்தன என்பதை அங்கே வையுங்கள். என்னைக் கேட்டால், மேலே சொன்ன எல்லாவற்றிலும் செலவே இல்லாததும், மிகுந்த எதிர்ப்பைச் சந்திப்பதும் இதுதான். மற்றவற்றுக்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

வெளியிடுவதும் மீண்டும் அளப்பதும்

முடிவுகளை வெளியிடும்போது பகுதிகளைப் புகார் எண்ணிக்கையால் மட்டும் நிறம் தீட்டிய வரைபடத்தைத் தராதீர்கள். அது நீங்கள் எதிர்த்துப் பேசும் தவறையே மீண்டும் பரப்பும். கண்ட குறைகள், சொல்லப்பட்ட பங்கு, காத்திருந்த நாட்கள் ஆகிய மூன்றையும் அருகருகே காட்டுங்கள். கதவு எண் அளவிலான இடக்குறிப்பையோ, யார் புகார் செய்தார் என்று அண்டை வீட்டார் ஊகிக்கத்தக்க நாள் நேர விவரத்தையோ தரக் கூடாது. ஒரு சிறு பகுதியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே புகார்கள் இருந்தால் பக்கத்துப் பகுதியோடு சேர்த்துக் காட்டுங்கள். வெளியிடுவதற்கு முன் அந்தப் பகுதி மக்களிடம் அதைக் காட்டி, தங்கள் தெருவைப் பற்றி இது சொல்வது சரிதானா என்று கேளுங்கள். அவர்கள் திருத்துவார்கள், அந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் கணக்கைவிட நுட்பமானவையாக இருக்கும்.

ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து மீண்டும் நடந்து எண்ணுங்கள். மாற்றங்களை எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், குலுக்கல் முறையில் சில பகுதிகளில் முன்பும் சிலவற்றில் பின்பும் தொடங்கியிருந்தால், எது பலன் தந்தது என்பது தெளிவாகத் தெரியும். இரண்டாம் முறை எண்ணும்போது பழைய 40 தெருக்களை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் முதல் அறிக்கையில் பெயர் வந்த தெருக்களை நிர்வாகம் எப்படியும் சீர்செய்திருக்கும். பழையவற்றில் பாதியையும், புதிதாகக் குலுக்கி எடுத்தவற்றில் பாதியையும் சேர்த்துக்கொண்டு, இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதுங்கள்.